ஒன்றும் ஆகவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த விண்வெளிக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாவது தடவை எரிச்சலில். போயிங்கின் ஸ்டார்லைனர் கலத்தில் விண்வெளி நிலையம் போன சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும், கலத்தில் கோளாறு என்று நாசா அதிலேயே திருப்பி அழைக்கவில்லை; கலம் மட்டும் காலியாக வந்தது. "ஸ்டார்லைனர் ஆளில்லாமலே பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது, அப்படியானால் சுனிதாவையும் வில்மோரையும் ஒன்பது மாதம் தவிக்கவிட்டது எதற்கு?" என்று கேட்கிறார் உங்கள் கட்டுரையாளர். நல்ல கேள்வி. குடித்துவிட்டு லாரி ஓட்டியவன் ஊர் வந்து சேர்ந்துவிட்டானே, அப்புறம் குடித்தால்தான் என்ன என்பது மாதிரி.

உங்களுக்குத் தெரியாததல்ல. 2024 ஜூன் 6 அன்று விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது கலத்தின் பின்பகுதியில், அதைத் தள்ளித் திருப்பும் சிறு என்ஜின்களான 28 த்ரஸ்டர்களில் 5 கைவிட்டன. நான்கு மறுபடி வேலை செய்தன, சரி. ஆனால் எரிபொருளைத் தள்ளிக்கொடுக்கும் ஹீலியமும் கசிந்துகொண்டிருந்தது. தரையில் அதே மாதிரி த்ரஸ்டரை எரித்துப் பார்த்தபோது, சூட்டில் ஒரு தெஃப்லான் சீல் உப்பி வழியை அடைப்பது தெரிந்தது. திரும்பும் வழியில் எத்தனை அடைக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேல் ஓடுகிற கலத்தைக் கீழே இறக்க, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே போதும். ஆனால் அதுவரை கலத்தைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்திருப்பது இந்தச் சின்ன த்ரஸ்டர்கள்தான். காலியாக இறங்கியபோதுகூட, ஆட்கள் உட்காரும் பகுதியின் 12 த்ரஸ்டர்களில் ஒன்று எரியவில்லை. அது ஏனோ கட்டுரையில் இல்லை.

நான் தூத்துக்குடியில் ஓர் இறால் குளிர்பதனக் கிடங்கில் 22 வருடம் ஃபிட்டர். 1991இல் ஒரு சனிக்கிழமை ராத்திரி அமோனியா லைனில் ஒரு வால்வு சரியில்லை என்று கம்ப்ரசரை நிறுத்தினேன். மேனேஜர் வேறு ஆளை வைத்து ஓட்டினார். திங்கள்வரை ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. "ஒன்றும் ஆகலையே, பெரிய என்ஜினியரு!" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, மூன்று நாள் சம்பளத்தையும் பிடித்தார்கள். அடுத்த வாரம் வால்வைக் கழற்றியபோது சீல் எலி கடித்த மாதிரி பாதி இல்லை. இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, உங்கள் பத்திரிகைத் தாளில்தான் மடித்து வைத்திருக்கிறேன். எனக்காவது காட்ட ஒரு சீல் இருந்தது. ஸ்டார்லைனரின் அந்தப் பின்பகுதியோ தரைக்கே வராது. வரும் வழியில் கழன்று எரிந்துபோகும். கழற்றிப் பார்க்க என்ன மிச்சம்?

கொலம்பியா விண்வெளி ஓடத்தின் எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு கழன்று விழுந்ததும் முதல் தடவை அல்ல. முந்தைய பயணங்களிலும் விழுந்தது, பத்திரமாகத் திரும்பினார்கள், "ஒன்றும் ஆகவில்லையே" என்றார்கள். 2003இல் அது இறக்கையை உடைத்தது, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள்.

இதோடு விடலாம் என்றால், ஸ்டார்லைனர் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் காற்றுப்பை விரித்து இறங்கியது. நீங்கள் போட்ட படத்தில் கலம் கடலில் மிதக்கிறது. நிலையத்தில் "ஈர்ப்பு விசையே கிடையாது" என்று மூன்றாம் முறையாக எழுதியிருக்கிறீர்கள். 400 கி.மீ. உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது, ஐயா. இருப்பதால்தான் கலம் பூமியைச் சுற்றுகிறது, இல்லாவிட்டால் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். இதைப் போன தடவை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் "கட்டுரை அருமை" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் போட்டு, கீழே என் ஊரையும் திருச்செந்தூர் என்று மாற்றிவிட்டீர்கள்.

மறுப்பு, வருத்தம் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் அந்தப் படம் ஸ்டார்லைனர் அல்ல என்று ஒரு வரி போடுங்கள். ஊர்ப் பெயரையும் சரியாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பழைய ஃபிட்டர்,
தூத்துக்குடி