எங்கள் மகளோடு நின்றவர்களுக்கு நன்றி

அன்பிற்குரியவர்களுக்கு ஸ்தோத்திரம்.

மகன் என்று நாங்கள் வளர்த்த பிள்ளை, தான் பெண் என்று எங்களிடம் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று என் மனத்தில் முதலில் எழுந்தது அவளைப் பற்றிய கவலையன்று. இனிச் சபையில் எந்த முகத்தோடு நிற்பேன் என்பதுதான். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

போதகர் ஐயா, நீங்கள் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஏசாயா 56ஆம் அதிகாரத்தைத் திறந்து, ‘பட்டமரம்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, என்னையே வாசிக்கச் சொன்னீர்கள். உபாகமம் 23இல் சபைக்குப் புறம்பாக்கப்பட்ட அண்ணகருக்கு, அதாவது விதையடிக்கப்பட்டு, தம்மைப் ‘பட்டமரம்’ என்று எண்ணிக்கொண்டவருக்கு, குமாரர் குமாரத்திகளுக்கு உள்ளதிலும் மேலான பெயரைத் தம் ஆலயத்துக்குள்ளேயே தருவதாகக் கர்த்தர் வாக்களிக்கும் பகுதி அது. பலமுறை வாசித்துக் கடந்துபோன அந்த வசனங்களில் ஒரு பிள்ளையின் முகம் எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

மூப்பர் ஐயா, உங்களுக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. அண்ணகர் வேறு, இவள் நிலை வேறு என்றும், ஆணும் பெண்ணுமாகவே தேவன் படைத்தார் என ஆதியாகமம் 1:27 சொல்லுகிறது என்றும் என்னிடம் நேருக்கு நேராகச் சொன்னீர்கள். முதலாவது நியாயமான வேறுபாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இரண்டாவதில் நாம் இன்னும் உடன்படவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு ஆராதனையில், கடைசி வரிசையில் தனித்து நின்ற அவளருகே வந்து, உங்கள் பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தீர்கள்.

கத்தோலிக்க நண்பரே, பிறருக்கு இடறலாகாத நிலையில் திருநர் திருமுழுக்குப் பெறலாம் என 2023இல் விளக்கிய வத்திக்கான், பாலின மாற்றச் சிகிச்சை மனித மாண்புக்கு ஊறாகக்கூடும் என 2024இல் எச்சரித்ததையும் மறைக்காமல் சொன்னீர்கள். விசுவாசிகளிடையே இக்கேள்வி முடியாதிருப்பதை அறிந்தது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

மருத்துவர் அம்மா, இது மனநோயன்று என்றும், 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பகுப்பு இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது என்றும் பொறுமையாக விளக்கினீர்கள். அவள் தான் யார் என்பதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதைச் சொல்லிவிடவும் உண்மையாக வாழவும்தான் தேர்ந்தெடுத்தாள். அவளை வீட்டில் வைத்துக்கொள்வதா, வெளியே தள்ளுவதா என்ற தேர்வு என்னுடையதாக இருந்தது. கர்த்தரிடம் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவனும் நானே.

எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். சென்ற வாரம் அதைத் திறந்து, பழைய பெயரை அடித்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேண்டாம் அப்பா, கீழே எழுதினால் போதும்" என்றாள். அவ்வாறே எழுதியிருக்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்