வீட்டு நாய் செத்தால் எங்கே கொண்டுபோவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் விஷயத்தில் உத்தரவு போட்டதிலிருந்து உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நாய்ச்சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒரு கட்சி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போ என்கிறது, இன்னொரு கட்சி வாயில்லா ஜீவன் பாவம் என்கிறது. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் ஜீவகாருண்யம் பேசுகிற தைரியம் எனக்குக் கிடையாது. நான் கேட்க வந்தது வேறு, சின்ன விஷயம்தான். நகரத்தில் வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறவன் வளர்த்த நாய் செத்துப்போனால் அதை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது?

எங்கள் நாயின் பெயர் மணி. (தமிழ்நாட்டு நாய்களில் பாதிக்கு அதே பெயர்தான், தெரியும். பெயர் வைத்தது என் மகள். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு.) ரேஷன் கடைப் பக்கம் சாக்கடை ஓரமாகக் கிடந்த குட்டியைப் பள்ளிக்கூடப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சாதியெல்லாம் இல்லை, அசல் தெரு நாட்டு நாய். 13 வருஷம் எங்களோடு இருந்தது.

அது எவ்வளவு பாசமான நாய் என்று பக்கம் பக்கமாக எழுதலாம், நாய் வளர்த்த எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும். குக்கரில் மூன்றாவது விசில் வந்ததும் மணி எங்கே படுத்திருந்தாலும் எழுந்து அடுப்படி வாசலில் வந்து நின்று ஒரு தரம் குரைக்கும். நாலாவது விசில் வந்தால் சோறு குழைந்துவிடும் என்று அதற்குத் தெரியும் என்று என் மனைவி சத்தியம் செய்வாள். நாயாவது எண்ணுவதாவது என்று நான் சிரிப்பேன். அது போன பிறகு இந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தடவை சோறு குழைந்துவிட்டது.

கடைசி வருஷம் சிறுநீரகம் போய்விட்டது. அரசு கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் நல்ல மனுஷர், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் கணக்கைக் காட்டி, ‘இனிமே ஏத்துற குளுக்கோஸ் எல்லாம் நமக்காகத்தான், அதுக்காக இல்ல’ என்று பட்டென்று சொல்லிவிட்டார். லிஃப்ட் இல்லாத கட்டடம். 16 கிலோவை வெளிக்குப் போகக் காலையும் மாலையும் கீழே தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம், எனக்கு 54 வயது, முட்டி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி வாக்கில் அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

சரி, இனிமேல்தான் விஷயம்.

விடிந்ததும் வீட்டுக்காரரிடம் போனேன். காம்பவுண்டுக்குள் முருங்கை மரத்தடியில் நாலடி மண் இருக்கிறது, அங்கே புதைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ‘பக்கத்துலயே தண்ணித் தொட்டி, அந்தாண்ட போர், எப்படிங்க?’ என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவர் சொன்னது நியாயம்தான், அந்தத் தண்ணீரை நாங்களும்தானே குடிக்கிறோம்.

அப்புறம் எங்கள் ஊர் மாநகராட்சியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசினேன். கடைசியாகப் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். ‘சார், ரோட்ல செத்துக் கிடக்கிறதை எடுக்கத்தான் ஆளு வருவாங்க, வீட்டு நாயை வீட்டுக்கு வந்து எடுக்கறதுக்கு ஆர்டர் இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க, கீழ கொண்டாந்து ரோட்டோரம் போட்டுட்டு, தெருவுல ஒரு நாய் செத்துக் கிடக்குன்னு இதே நம்பருக்குப் போன் பண்ணுங்க. மத்தியானத்துக்குள்ள எடுத்துருவாங்க.’

எடுத்து எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். கிடங்கு என்றார். குப்பைக் கிடங்கு.

13 வருஷம் வருஷா வருஷம் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு, அட்டையில் முத்திரை வாங்கி, கழுத்தில் பட்டை கட்டி, இது தெருநாய் இல்லை வீட்டு நாய் என்று ஊருக்கு நிரூபித்துக்கொண்டே இருந்தோம். செத்த பிறகு அதை மறுபடி தெருநாய் ஆக்கினால்தான் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். கோவையில் படிக்கிற மகளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்து போன் செய்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. ‘அப்பா, குப்பை வண்டியில மட்டும் போட்டுடாதீங்க’ என்றாள், அவ்வளவுதான்.

ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். அன்றைக்கு முகூர்த்த நாள், முதல் சவாரி. கடைசியில் என் டூவீலரிலேயே, பின்னால் என் மனைவி மடியில் பழைய புடவையில் சுற்றிய மூட்டையோடு, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சித்தப்பாவின் வயலுக்குப் போனோம். வழியில் ஒரு பெட்டிக்கடையில் கல் உப்பு ஐந்து பாக்கெட் கேட்டேன். ‘மாவடு போடவா, இப்ப சீசன் இல்லியே’ என்றார் கடைக்காரம்மா. ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா நாயை வீட்டுப் படி ஏற்றக் கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர். மகளுக்குச் சடங்கு வைத்தபோது வந்தவர் மணி உள்ளே இருந்ததால் திண்ணை மாதிரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நொச்சி வேலி ஓரமாக இடுப்பளவு குழி வெட்டி வைத்திருந்தார். நரியும் நாயும் தோண்டாமல் இருக்க உப்பை அடியில் பாதி, மேலே பாதி எப்படிப் போட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். இறக்கப் போகும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, ‘கழுத்துப் பட்டையக் கழட்டுடா, கட்டிப் போட்டாப்ல அனுப்பக் கூடாது’ என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் கொக்கி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, கழற்ற வரவில்லை, அவரே அரிவாள் நுனியால் நெம்பி எடுத்துக் கொடுத்தார்.

எனக்குச் சித்தப்பா இருந்தார், அவருக்கு வயல் இருந்தது. இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது காலையில் கண்மாய்க் கரையில் நடக்கப் போகிற யாருக்கும் தெரியும். அரிசிச் சாக்கு, வாயைக் கட்டி, பாலத்துக்குக் கீழே. இருட்டோடு வந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் முன்னால் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை, அதில் பல பேர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து செத்த குட்டியின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், நிழலான இடமாக இருந்தால் ஒரு வருஷம்கூட, சாகாமல் கிடக்கும். அந்த வழியாகப் போகிற அடுத்த குட்டிக்கும் வரும். வேதனை தாங்காமல் ஊசி போட்டு அனுப்பப்பட்ட நாயின் உடம்பில் பென்டோபார்பிட்டால் மருந்து அப்படியே தங்கிவிடும், அந்த உடலைத் தின்னுகிற கழுகோ நாயோ அதுவும் செத்துப்போகலாம். அழுகி வெடித்த சாக்கை மூன்றாம் நாள் வெறுங்கையால் தூக்குகிற தூய்மைப் பணியாளரைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

அலுவலகத்தில் அன்றைக்கு லீவு கேட்டபோது மேலாளர், ‘நாய்க்கெல்லாமா லீவு?’ என்று சிரித்தார். கெட்டவர் இல்லை, தமாஷாகத்தான் கேட்டார். நான் வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். மனுஷன் செத்துக்கொண்டிருக்கிற ஊரில் நாய்க்குச் சுடுகாடு கேட்கிறான் பார் என்று இந்தக் கடிதத்துக்கும் நாலு பதில் கடிதம் வரும் என்று தெரியும். சில கிராமங்களில் இன்றைக்கும் சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் பிணத்தை வாய்க்காலில் இறங்கிச் சுமந்துகொண்டு போகிறார்கள், அது முதலில் தீர வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாய்க்கு அழுவது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த பணக்காரப் பழக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எனக்குக் கொஞ்சம் கல்வெட்டுப் பைத்தியம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்கிற வீரனுடைய கல். அவனோடு அவனுடைய நாயையும் அதே கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கிறது. ஜல்லிக்கட்டுக் காளை செத்தால் இன்றைக்கும் ஊரே கூடி மாலை போட்டு, மேளம் வைத்து அடக்கம் செய்கிறதே, யாராவது சிரிக்கிறார்களா? வயல் இருக்கிறவனுக்கு ஒரு நியாயம், வாடகை வீட்டுக்காரனுக்கு ஒரு நியாயமா?

நான் கேட்பது கல்லும் இல்லை, மேளமும் இல்லை. ஊருக்கு வெளியே, நீர்நிலை பக்கத்தில் இல்லாமல், அரை ஏக்கர். இல்லை என்றால் ஒரு சின்ன எரிவாயு தகன மேடை. மும்பை மாநகராட்சி 2023-இல் மலாடில் விலங்குகளுக்கென்றே ஒன்று திறந்தது, நம்மால் முடியாதா? கட்டணம் வையுங்கள், ஆயிரம் ரூபாய் என்றாலும் கொடுப்போம், அந்தக் காலையில் எவனும் பேரம் பேச மாட்டான். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று கறாராக இருக்கிறார்கள். நல்லதுதான், மற்ற ஊர்களுக்கும் அது வரட்டும். வரும்போது அந்த உரிமப் படிவத்திலேயே, நாய் இறந்தால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், எங்கே கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இதையெல்லாம் எழுதிப் போன திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பதிவு செய்த தம்பி முழுசாகப் படித்தார். ‘இது எந்தத் துறைல போடறது சார்? கால்நடையா, சுகாதாரமா, நில வருவாயா?’ என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பக்கத்து மேசையில் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ‘இதர’ என்று போட்டு ரசீது கொடுத்தார்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி வாசகன்