பாம்புக்கடி: 20 நிமிடச் சோதனை ஒருமுறையோடு நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால், எங்கள் மேலூர்ப் பக்கத்தில் இரவில் மடை திறக்கப் போகிறவர்களுக்குப் பாம்பு பயம் எப்போதும் உண்டு. சென்ற ஆண்டு என் பெரியப்பா மகனை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தது. அரை மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டோம். இரத்தத்தைக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள், உறைந்திருந்தது. அதன்பின் விடியும்வரை யாரும் மறுபடி பார்க்கவில்லை. காலையில் ஈறில் இரத்தக் கசிவு, சிறுநீரும் சிவந்திருந்தது. அப்போதுதான் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் கெட்டு, மூன்று வாரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று.

அந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால், இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை விரியனின் நஞ்சு தீர்த்துவிட்டது என்று கொள்ளலாம். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது என்பதால், பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தம்கூட உறையாமல் நிற்கக்கூடும்.

முதல் குழாயில் உறைந்துவிட்டது என்பதற்காக நஞ்சு ஏறவில்லை என்று முடிவுகட்ட முடியாது. கடிவாயிலிருந்து அது மெல்ல மெல்லப் பரவும். ஆகவேதான் முதல் சில மணி நேரம் குறுகிய இடைவெளியிலும், அதன் பிறகும் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று நம் நாட்டுச் சிகிச்சை நெறிமுறை சொல்கிறது. மருந்து ஏற்றிய பிறகும் 6 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். உறைபொருள்களைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்க அவ்வளவு நேரமாகும். கட்டு விரியன் பெயரில்தான் விரியன். அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. அது கடித்தவருக்கு இரத்தம் உறைந்தாலும், இமை சரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று கண்காணிக்கத்தான் வேண்டும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த அக்கறை மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் வட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கண்ணாடிக் குழாய்களாக வந்து சேர வேண்டும். கடிபட்ட நேரத்தையும் ஒவ்வொரு குழாயையும் சாய்த்துப் பார்த்த நேரத்தையும் கட்டிலருகே ஒரு தாளில் எழுதி வைத்தால், அடுத்த சோதனை எப்போது என்று இரவு முழுக்க விழித்திருக்கும் உறவினரும் கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.