தம்பிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்குத் தேவலை. நீ போன் பேசி மூன்று வாரமாகிறது. வேலை இருக்கும், சரி.

ராத்திரி செயற்கைக் காலைக் கழற்றியதும் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துக் காற்றாட விடுகிறாயா? ஈரத்தோடு உறை மாட்டாதே. போன தடவை புண்ணாகிப் பத்து நாள் படுத்துவிட்டாய். பருத்தி உறை நாலு வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் உட்கார்ந்து ஆடும் வாலிபால் டீம் பட்டியல் வந்துவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஜெர்சியையும் பந்தையும் யாரோ பையனுக்குக் கொடுத்துவிட்டாயாமே. உன் பொருள், உன் இஷ்டம். ஆனால் நீ வாங்கி வந்த கோப்பையை அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கி வைக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் நான்தான் எடுத்துக் காட்டுகிறேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஈரான் டீமின் மெஹர்சாத்தை நீதான் எனக்குப் போனில் காட்டினாய். 246 சென்டிமீட்டர் உயரம். சின்ன வயதில் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து ஒரு கால் வளராமல் போனவர். ஊர் கண்ணுக்குக் கூசி வீட்டுக்குள்ளேயே கிடந்தவர், 2016இல் ரியோ, அப்புறம் டோக்கியோ, 2024இல் பாரிஸ் என்று மூன்று பாராலிம்பிக் தங்கம் வாங்கினார். "அவரை வீட்டைவிட்டு வெளியே கூட்டிட்டு வர ஒருத்தர் இருந்தாருப்பா" என்றாய். அது யாருக்குச் சொன்னது என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி எழுந்து போய்விட்டேன்.

தம்பி, நான் இருபது வருஷம் கோயில் கொடை வாலிபால் மேட்சில் குதித்து ஸ்மாஷ் அடித்தவன். நெதர்லாந்தில் 1956இலேயே தொடங்கிய ஆட்டம், 1980இலிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது என்று நீ எவ்வளவோ சொன்னாய். "உட்கார்ந்துகொண்டு என்ன வாலிபால்" என்று உன் வாயை அடைத்தேன். உன் முதல் மேட்சுக்கு வந்தேன் அல்லவா? கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினேனே, அது பொய். எட்டரை மணி வரை எதிரே டீக்கடையில்தான் இருந்தேன். நீ தரையில் கையூன்றி இழுத்து இழுத்துப் போனதைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தது எனக்குத் தாங்கவில்லை. வெட்கப்பட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டேன். அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

போன ஞாயிறு முற்றத்தில் வேம்புக்கும் தூணுக்கும் நடுவே கயிறு கட்டினேன். டேப் வைத்து அளந்து, உங்கள் வலை உயரம், சரியாக 1.15 மீட்டர். பத்துக்கு ஆறு மீட்டர் கோர்ட்டுக்கு இடம் ஏது, பாதிதான் அமைந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன், பெரியப்பா பேரன் பந்து போட்டான். பந்துக்குக் கையைத் தூக்கினால் உடம்பு நகர மாட்டேன் என்கிறது. நகரக் கையூன்றினால் பந்து போய்விடுகிறது. கால் செய்ய வேண்டியதையும் கை செய்ய வேண்டியதையும் நீ இரண்டு கையால் செய்திருக்கிறாய். அதிலும் பந்தை அடிக்கும்போது பிட்டம் தரையைவிட்டு எழக்கூடாது. எதிராளி சர்வீஸையே பிளாக் பண்ணலாம், அதனால் மூச்சுவிட நேரமில்லை. இருபது நிமிஷத்தில் என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. உன் கை எப்படிக் காய்த்துப் போயிருக்கிறது என்று ஒரு நாளும் நான் தொட்டுப் பார்த்ததில்லை.

ஆடு என்றோ விடு என்றோ சொல்ல வரவில்லை. பட்டியலில் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போன் மட்டும் பண்ணு. வேளைக்குச் சாப்பிடு. காலைக் கழுவிக் காயவிடு, மறக்காதே. தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா?

முற்றத்துக் கயிற்றில் துணி போடட்டுமா என்று அம்மா கேட்டாள். நீ வரும்வரை அது அப்படியே இருக்கட்டும் என்றிருக்கிறேன்.

அப்பா