திமிங்கிலத்தைக் கரையிலிருந்தும் காணலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் திருகோணமலைக்கு வரும் உல்லாசப் பயணிகள் பலர் முதலில் விசாரிப்பது நீலத் திமிங்கிலத்தைப் பற்றித்தான். விடியற்காலையில் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளிலிருந்து பைபர் படகுகள் புறப்படுகின்றன. தொலைவில் நீர்த்தூவல் ஒன்று எழுந்த மாத்திரத்தில் ஒரு படகோட்டி கைத்தொலைபேசியில் மற்றவருக்குச் சொல்ல, அக்கம்பக்கத்துப் படகுகள் யாவும் அவ்விடத்தை நோக்கி விரைகின்றன. மூச்செடுக்க மேலே வந்த விலங்கு பல வேளைகளில் அதை முடிக்குமுன்பே வாலை உயர்த்தி ஆழத்துக்குப் போய்விடுகிறது. பணம் கொடுத்து வந்தவரோ அந்த வாலைப் படம் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்புகிறார்.

படகோட்டிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கிட்டப் போனால்தான் வாடிக்கையாளர் திருப்தியடைவார் என்ற நிலையில், எரிபொருளுக்குக் கடன்பட்டவர் வேறென்ன செய்வார்? திமிங்கிலத்தை 100 மீற்றருக்குள் நெருங்கலாகாது என்று 2012 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. கடலில் அதை அளந்து பார்ப்பவர்தான் இல்லை. தெற்கே தெவிநுவரக் கடலில் திமிங்கிலங்கள் கப்பல்களில் மோதுண்டு இறப்பதைத் தவிர்க்க, எம்.எஸ்.சி. என்னும் கப்பல் நிறுவனம் 2022 இல் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தள்ளிச் செல்லப் பணித்தது. சரக்குக் கப்பலே விலகிப் போகும்போது, பார்க்கப் போகும் படகு சற்று விலகி நிற்பது பெரிய காரியமன்று.

இன்னொரு வழியும் நமக்கு உண்டு. கரையை ஒட்டியே ஆழமான கடற்பள்ளம் அமைந்திருப்பதால், திருகோணமலையில் திமிங்கிலங்கள் நிலத்திலிருந்து பார்க்கக்கூடிய தூரத்துக்கு வருகின்றன. கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையில் நின்றே நீர்த்தூவலைக் கண்டவர்கள் பலர். ஆயினும் அடியார்கள் வழிபட வரும் இடத்தைத் தொலைநோக்கி வாடகைக்கு விடும் இடமாக்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், பவுல் பொயின்ற் வெளிச்சவீட்டை அண்டிய கரையே இதற்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

அங்கே போகும் பயணமும் வீணாகாது. முன்பு பாதைப் படகுக்காகக் காத்துநின்று கடந்த கிண்ணியாத் துறையில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. இப்போது நகரிலிருந்து மூதூர்வரை வாகனத்தை நிறுத்தாமலே போகலாம். வழியில் ஒருபுறம் களப்பும் கண்டலும், மறுபுறம் வயல்வெளியும், மகாவலி குடாவில் வந்து விழும் கிளைகளும் கண்ணுக்கு விருந்தாகும். இன்று நிலாவெளியோடு நின்றுவிடும் வருமானத்தில் ஒரு பங்கு கிண்ணியா, மூதூர், சம்பூர் மக்களின் தேநீர்க் கடைகளுக்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் கிடைக்கும். கடல்நோயால் படகேற அஞ்சும் முதியோரும் சிறு பிள்ளைகளும் திமிங்கிலத்தைப் பார்க்கலாம்.

ஆகவே, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் கிழக்கு மாகாண சுற்றுலாத் துறையினரும் அவ்விடத்தை நேரில் பார்வையிட்டு, நிழற்கூரை, கழிப்பறை, நிலைநாட்டிய தொலைநோக்கி ஒன்றிரண்டு ஆகியவற்றோடு ஒரு பார்வையிடத்தை அமைக்க வேண்டும். வழிகாட்டிகளாகக் கடலறிந்த மீனவர்களையே பயிற்றுவித்து நியமிக்கவேண்டும். அதுவரைக்குமாவது, பருவகாலக் காலைகளில் கண்காணிப்புப் படகு ஒன்றைக் கடலில் நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.