கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் சேலத்து அண்ணன்களுக்கு

வணக்கம் அண்ணன்களே,

உங்களில் ஒருவர் சென்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போன குழுவில் நானும் என் அத்தையும் இருந்தோம். யார் என்று சொல்லப் போவதில்லை, சண்டை போடவும் எழுதவில்லை. கப்பலில் என்னென்ன சாப்பாடு, எத்தனை மாடி, எங்கே நின்று போட்டோ எடுக்கலாம் என்று அவ்வளவு சொன்னவர்கள், ஏறுவதற்கு முன்னால் நடக்கிற பாதுகாப்புச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடியற்காலை சென்ட்ரலில் இறங்கியபோது அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். செவ்வாய்ப்பேட்டைக்காரர். காலில் திருகு போட்ட கனமான வெள்ளிக் கொலுசு, கழற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. மெட்டல் டிடெக்டர் வாசலில் கால் வைத்ததும் அது கத்தியது. பெண் காவலர் ஒருவர் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய், கைக்கருவியால் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் அனுப்பினார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் எதற்காகத் தன்னை மட்டும் தனியாகக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல், வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தையின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

அப்புறம் எக்ஸ்ரே. கைப்பையில் சின்ன காமாட்சி விளக்கு, கற்பூரம், தீப்பெட்டி. விளக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள், மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போதே கற்பூரம் போனது சகுனம் சரியில்லை என்று அன்று முழுக்க அவர் முகமே வாடிவிட்டது. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது, கப்பலில் இருக்கிறவர்களே அணைக்க வேண்டும், அதனால்தான் தீப்பெட்டி, மெழுகுவத்தி, அயர்ன் பாக்ஸ், வெந்நீர் போடுகிற எலெக்ட்ரிக் காயில் எதையும் விடுவதில்லை என்று வீட்டிலேயே யாராவது சொல்லியிருந்தால் அவரே எடுத்து வைத்துவிட்டு வந்திருப்பார்.

நம்ம ஊர்க்காரர்களை மட்டும் சந்தேகப்படுகிறார்கள் என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வகுத்து, 2004 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் ஐஎஸ்பிஎஸ் என்ற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளின்படி வெளிநாட்டுப் பயணம் போகிற கப்பல்களுக்கும் அவை வந்து நிற்கிற துறைமுகங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு பொதுவானது. இதையும் நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய பெட்டி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அறை எண் எழுதின சீட்டைக் கட்டி வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அது தனியாக ஸ்கேன் ஆகி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. அம்மாப்பேட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சர்க்கரை மாத்திரையை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மருந்து, அடையாள அட்டை, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

தமிழில் ஒரே ஒரு தாள் போதும், ஒரு வாரம் முன்னாலேயே கொடுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளட்டும், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே காவலரிடம் சொல்லட்டும். வீட்டுப் புளியோதரையைப் பல கப்பல்களில் விட மாட்டார்கள், அதையும் எழுதுங்கள். டிக்கெட்டில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஊரிலேயே சரிபார்த்துவிடுங்கள். இலங்கை போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது.

அடுத்த குழு கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், நான் வந்து பேசுகிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் குழுவில் வந்த ஒருவன்