ஐந்து குட்டி ரவுண்டானாக்களின் ஊரிலிருந்து

ஸ்விண்டன், இங்கிலாந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஊன்றுகோல் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராமே. அடைமழையில்கூடக் குடை பிடிக்காத மனிதர் அவர், கோலையா பிடிக்கப் போகிறார்?

நம் கோயம்புத்தூர் லாலி ரோட்டில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்ததைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருந்தாய். 'யார் முதலில் போவது என்று எவனுக்கும் தெரியவில்லை' என்ற வரியைக் கவிதாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஸ்விண்டன்காரனிடம் வந்து ரவுண்டானாவைப் பற்றிப் பேசுகிறாயே, திருநெல்வேலிக்காரனுக்கு அல்வா கொடுப்பது போல!

நான் வேலைக்குப் போகும் வழியில், கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில், 'மேஜிக் ரவுண்டபவுட்' இருக்கிறது. ஐந்து சாலைகள் கூடும் இடம். ஒவ்வொரு சாலையின் வாயிலிலும் ஒரு குட்டி ரவுண்டானா. ஐந்தும் சேர்ந்து ஒரு பெரிய வட்டம். குட்டி ரவுண்டானாவில் வழக்கம்போல் கடிகார முள் சுற்றும் திசையில் போக வேண்டும். உள்வட்டத்துக்குள் புகுந்துவிட்டால் அதற்கு நேர்மாறான திசை. ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியாளரின் யோசனை, 1972இல் திறந்தார்கள். திறந்த புதிதில் ஒவ்வொரு குட்டி ரவுண்டானாவிலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்தி, ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தார்களாம். முதல் முறை அதற்குள் போனபோது நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். இப்போது டீ குடித்துக்கொண்டே போவேன் என்று சொல்ல ஆசைதான், கவிதா இதைப் படிப்பாள்.

உன் கேள்விக்கு இந்த நாட்டில் 1966 நவம்பரில் விடை கிடைத்தது. அதுவரை யாருக்கு முன்னுரிமை என்று விதி கிடையாது. நெரிசல் நேரத்தில் வெளியே நிற்பவன் நுழைந்துகொண்டே இருப்பான், உள்ளே இருப்பவனால் வெளியேற முடியாது, வட்டம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வலப்பக்கமிருந்து வருபவனுக்கு வழிவிடு என்று ஒற்றை வரியில் விதி வந்தது. வலப்பக்கமிருந்து வருபவன் என்றால் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவன். அந்த ஒரு வரியில் முடிச்சு அவிழ்ந்தது. நம் நாட்டு விதியும் இன்று அதைத்தான் சொல்கிறது. டவுன் பஸ் டிரைவரிடம் அதை யார் போய்ச் சொல்வது என்பது வேறு விஷயம்.

இனி என் கதை. போன வருடம் காரில் டாஷ்கேம் மாட்டினேன். இங்கே ரவுண்டானா வாயில்களில் ஒரு மோசடி நடக்கிறது. முன்னால் போகிறவன் காரணமே இல்லாமல் பிரேக்கை மிதிப்பான், பின்னால் வருகிறவன் போய் முட்டுவான், பிறகு கழுத்து வலி என்று காப்பீட்டுப் பணம் கேட்பான். அந்தப் பயத்தில்தான் வாங்கினேன். முன்கண்ணாடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண். பதிவுசெய்துகொண்டே இருக்கும், கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதும். வேகத்தடையில் கொஞ்சம் குலுங்கினாலும் விபத்து என்று நினைத்து அந்தத் துண்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பயந்த சுபாவம்.

இதுவரை மோசடிக்காரன் எவனும் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் இரண்டு பேர்.

முதலாவது ஆள், ரவுண்டானாவில். சின்னக் காரில் ஒரு முதியவர். இடப்பக்கத் தடத்தில் நுழைந்தவர், முதல் வழியிலோ இரண்டாவது வழியிலோ வெளியேறாமல் முழுக்கச் சுற்றி வந்து என் மூக்குக்கு முன்னால் குறுக்கே வெட்டினார். நான் பிரேக் போட்டு ஹாரனை அழுத்தினேன். அன்றிரவு அந்தக் காட்சியை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தேன். அவருடைய இடப்பக்க இண்டிகேட்டர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மின்னிக்கொண்டே இருக்கிறது. தரையில் தடத்தின் அம்புக்குறி பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருக்கிறது.

இரண்டாவது ஆள், சிக்னலில். இங்கே மஞ்சள் மூன்று நொடி எரியும். மஞ்சள் என்றால் 'சீக்கிரம் போ' என்று நாம் படித்தோம் அல்லவா, இங்கே அதற்கு 'நில்' என்று பொருள். பிரேக் போட்டால் விபத்தாகிவிடும் என்கிற அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவனுக்கு மட்டும் விலக்கு. நான் மஞ்சளில் நின்றேன். சிவப்பும் விழுந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணக்கூடிய நேரம் கழித்து, வலப்பக்கத் தடத்தில் ஒரு கறுப்புக் கார் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. எதிர் நடைபாதையில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண், சக்கரத்தைச் சாலையில் இறக்கியிருந்தாள். அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இந்த மாதிரிக் காட்சிகளைப் பொதுமக்களிடமிருந்து போலீஸ் வாங்கிக்கொள்கிறது. வடக்கு வேல்ஸில் 2016இல் தொடங்கிய வழக்கம் இது, இப்போது பெரும்பாலான இடங்களில் உண்டு. இன்னின்ன குற்றத்துக்காக வழக்கு வரலாம் என்று வண்டியின் உரிமையாளருக்கு 14 நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஆறப்போட முடியாது. சிவப்பைத் தாண்டினால் 100 பவுண்டு அபராதம், உரிமத்தில் 3 பாயிண்ட். மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் பெரும்பாலும் உரிமமே போய்விடும்.

அனுப்பலாமா, வேண்டாமா? எனக்கு ஏழாம் வகுப்பு நினைவு வந்தது. நீ லீடர். ஆசிரியர் வெளியே போனதும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு என் பெயரை முதலில் எழுதுவாய், பக்கத்தில் 'அடங்கவில்லை' என்று சேர்ப்பாய். அந்தச் சாக்பீஸ் இப்போது என் கையில்.

கறுப்புக் காரை அனுப்பினேன். முதியவரை அனுப்பவில்லை. ரவுண்டானாவில் தப்பு செய்கிறவன் பெரும்பாலும் குழம்பிப் போனவன். சிக்னலில் சிவப்பைப் பார்த்துக்கொண்டே மிதிப்பவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை, தீர்மானித்துவிட்டுத்தான் போகிறான். இந்திய உரிமத்தை வைத்து ஒரு வருடம்தான் இங்கே ஓட்டலாம், பிறகு தேர்வு எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும். என்னை முதல் முறை தோற்கடித்தது ஒரு குட்டி ரவுண்டானாதான். தரையில் வெறும் வெள்ளை வட்டம், மேடுகூட இல்லை. நேராகப் போகிறோமே என்று அதன் மேலேயே ஏற்றிவிட்டேன். சுற்றித்தான் போக வேண்டும் என்பது சட்டம். பக்கத்தில் இருந்த தேர்வாளர் ஒன்றும் பேசாமல் எதையோ குறித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவன் நான்! அதனால் முதியவர் மேல் எனக்குக் கை வரவில்லை.

கவிதா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "இடித்திருந்தால், ஓட்டியவர் குழம்பினாரா தீர்மானித்தாரா என்று தகரம் பார்க்குமா?" என்று கேட்டாள். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அவிநாசி சாலையில் இரவு பதினொன்றரை மணிக்கு, நாய்கூட இல்லாத சிக்னலில், உன் டிவிஎஸ் 50ஐ நிறுத்திக்கொண்டு நின்றாய். பின்னால் உட்கார்ந்து 'யாருக்குடா நிற்கிறாய்?' என்று கத்தினேன். 'சிவப்பு' என்றாய், ஒரே சொல். அன்று உன்னைக் கிறுக்கன் என்று நினைத்தேன். கறுப்புக் காரின் காட்சியை அனுப்பிய இரவு, நீ அன்று சொன்ன தொனிதான் காதில் கேட்டது.

அனுப்புவதற்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் சேர்த்துத் தரச் சொல்வார்கள் என்பதால், சரிபார்க்க மடிக்கணினியில் ஓடவிட்டேன். கவிதாவும் மகளும் பக்கத்தில். டாஷ்கேம் வெளியே பார்ப்பதோடு நிற்பதில்லை, உள்ளே பேசுவதையும் கேட்கிறது என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. முதல் நிமிடம் முழுக்க நான் சுருதி சேராமல் பாடுகிறேன். கறுப்புக் கார் தாண்டியதும், நம் பள்ளி மைதானத்தோடு மறந்துவிட்டேன் என்று நினைத்த சொற்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. தமிழ் தெரியாது என்று நாங்கள் கவலைப்பட்ட பெண், ஒன்றுக்கு மட்டும் பொருள் கேட்டாள். மற்றவை தெரியும் போலிருக்கிறது. ஒலியை நீக்கிவிட்டு அனுப்பினேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று தெரியாது.

டிசம்பர் 18 அன்று ஊருக்கு வருகிறோம். நீ கேட்ட டாஷ்கேமை வாங்கி வைத்துவிட்டேன், பணத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து லாலி ரோட்டைச் சுற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். மைக்கை அணைக்கும் பொத்தான் வலப்பக்கம் அடியில் இருக்கிறது. முதல் நாளே அழுத்திவிடு.

அன்புடன்,
கதிர்